பிரவுசர் விழுங்கிய பாதி வரி

கைப்பேசித் திரையில் ஒரு வரி பாதியில் நின்றுபோய், அதற்கப்பால் வெறும் வெள்ளை. நான் வீரன் இல்லை. செண்பகத்தோப்புக் காட்டில் சாம்பல் அணில் கிளை தாவியதற்கே செருப்பை விட்டுவிட்டு ஓடியவன். ஆனாலும் அந்த வெள்ளை இடம் காட்டிய பயத்தைக் காடு ஒருநாளும் காட்டியதில்லை. இன்றைக்கும் நினைத்தால் முதலில் அந்தப் பயம் வரும். பின்னாலேயே ஆத்திரம் வரும். பயத்துக்குத் திருநீறு இருக்கிறது.

என் பெரியப்பா மகனின் மனைவி எனக்கு மதினி. திருவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் வருவார். இருவருக்கும் ஒரே அலுவலகம். மில்லுக்கும் பேண்டேஜ் துணி யூனிட்டுகளுக்கும் மிஷினை இயக்கும் மென்பொருள் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி. அதைக் கொண்டுபோய் மாட்டுவது என் வேலை. மதினியின் வேலை அதற்கு வெகுமுன்பே ஆரம்பிக்கும். ஒரு மிஷின் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை, இரண்டு விதமாகப் புரிந்துகொள்ள வழியில்லாமல் கணிதக் குறிகளால் எழுதிவைப்பார். தலைகீழாக நிற்கும் ஆங்கில ஏ, முதுகைக் காட்டும் ஆங்கில ஈ, எல்லாம் கட்டத்துக்குள். “மதினி, இந்தச் சாதகத்துல எனக்கு எப்ப நல்ல காலம்னு பாருங்க” என்பேன். “உங்களுக்கென்ன கொழுந்தனாரே, கல்யாணம் ஆயிருச்சு. தோசம் இப்ப அவகிட்டல்லா இருக்கு” என்பார், தலை நிமிராமல்.

இந்தக் குறிகளை வலைப்பக்கத்தில் காட்டுவது லேசான காரியமில்லை. அதிலும் ‘குறைவு’ என்பதற்குப் போடுகிற, இடப்பக்கம் கூர்ந்த மூக்குக் குறி பெரிய வில்லன். அதை அப்படியே போட்டால் பிரவுசர் கணக்கு என்று எடுத்துக்கொள்ளாது. பக்கத்துக்கான கட்டளை ஏதோ தொடங்குகிறது என்று நினைத்து, பின்னால் வருவதை வரிக்கடைசி வரை விழுங்கிவிடும். ஏப்பம்கூட விடாது. அதனால் மதினி ஒவ்வொரு குறியையும் பிரவுசர் தொடாத மாற்று வடிவத்தில் உட்கார்ந்து எழுதுவார். வெளியூரிலிருக்கும் பையன்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் புரோகிராம் எழுதினார்கள்.

எங்கள் முதலாளிக்கு அந்தப் பக்கம் பிடிக்கவில்லை. “பஞ்சாங்கம் மாதிரி இருக்கேம்மா” என்று, பக்கங்களை அழகாக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கிவந்தார். “அது என் குறியையெல்லாம் பழையபடி மாத்திப்புடும், வேண்டாம்” என்று மதினி சொன்னார். “அழகா இருந்தாத்தான் நாலு பேரு பாப்பாக” என்றார் முதலாளி. மதினி லீவில் இருந்த நாளாகப் பார்த்து ஏற்றியும்விட்டார். பக்கம் மணப்பெண்போல ஆனது. பேண்டேஜ் துணியை நீராவியில் வேகவைக்கும் பெட்டியின் விதியும் அதில் இருந்தது. உள்ளே அழுத்தம் இன்ன அளவுக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே கதவு திறக்கலாம் என்பது விதி. அழகான பக்கத்தில் ‘கதவு திறக்கலாம், அழுத்தம்’ என்பதோடு வரி முடிந்தது. அழுத்தம் என்று ஏதோ ஒரு எண் வந்தால் கதவைத் திறந்துவிடலாம்போல என்று பையன்களும் எழுதிவிட்டார்கள்.

அந்தப் புரோகிராமைப் புதிதாக மாட்டிய ஒரு யூனிட்டுக்கு வெள்ளோட்டத்துக்குப் போனேன். நீராவி ஏறிக்கொண்டிருந்தது. கதவுக்கு நேராக, மிஷின் ஓட்டுகிற அக்கா நின்றார். பக்கம் மாறிய சேதி கேட்டு மதினி போனில் கூப்பிட்டு, “செத்த அந்தக் கதவு வரிய வாசிங்க” என்றார். கைப்பேசியிலேயே பக்கத்தைத் திறந்து வாசித்தேன்.

“பொறவு?”

“பொறவு ஒண்ணுமில்ல மதினி. வெள்ளையாக் கெடக்கு.”

“ஏலே, கதவுகிட்ட நிக்கிற பிள்ளைய நகரச் சொல்லுலே!”

மதினி என்னை ‘ஏலே’ என்றது அந்த ஒரு தடவைதான். பாய்ந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அது தண்ணீர் மோட்டாருடையது. அடுத்து, ஏன் என்று எனக்கே தெரியாது, கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்திருந்தால் முதல் அவியல் நான்தான். அக்கா சரியான பொத்தானை அமுக்கிவிட்டு, “யாரு வாராகன்னு சார் ஆரத்திக்கு நிக்கீய?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போன விதத்தை நான் மறக்கவில்லை.

“ஒண்ணும் ஆகலல்லா? வெளிய பேச வேண்டாம்” என்றார் முதலாளி. அதே புரோகிராம் வேறு இரண்டு யூனிட்டுகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் இறங்குமுன் அங்கே இதுவரை யாரும் கதவுப் பொத்தானைத் தொடவில்லை, அவ்வளவுதான். அவர்களுக்குச் சொன்னால் பேர் கெட்டுவிடுமாம். சத்தமில்லாமல் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாமாம். அடுத்த மாதம்! அதுவரை அந்தக் கதவுகளுக்கு முன்னால் அவர் நிற்பாரா? கடைசியில், “புரியாத எழுத்துல எழுதுனா இப்படித்தான்மா” என்று பழியையும் மதினி தலையில் வைத்தார். மதினி பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் போனேன். துணிச்சலில் இல்லை, அந்த அறையில் தனியாக இருக்கப் பயந்து. இப்போது மதினி வீட்டிலிருந்தே வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு எழுதுகிறார். முதலாளியோ ‘பாதுகாப்பே எங்கள் மூச்சு’ என்று மேடையில் பேசுகிறார். கல்யாண வீடுகளில் பார்த்தால் கை குலுக்க வருகிறார். அவர் வருகிற நேரமாகப் பார்த்து நான் சாப்பாட்டு இலையில் கையை வைத்துக்கொள்கிறேன்.

அன்று வேலையை விட்டு இறங்கியதும் அந்த இரண்டு யூனிட்டுகளுக்கும் நேரே போனோம். முதலாமவர் சொன்ன உடனே நிறுத்தினார். வத்திராயிருப்புப் பாதையிலிருந்த இரண்டாமவர் நம்பவில்லை. எங்கள் முதலாளிக்கே போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார். “அந்தம்மா கோவிச்சுக்கிட்டுப் போனவுக. கணக்குக் கிறுக்கு. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க” என்றது போன்.

மதினி ஒரு ஸ்டூலை இழுத்தார். நீராவி ஏறிக்கொண்டிருந்த பெட்டியின் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

“ஓட்டுங்க அண்ணாச்சி. அவுகதான் பயமில்லைங்காகள்ல? நான் இங்கன இருக்கேன். கதவத் திறக்கச் சொல்லுங்க.”

“மதினி, அண்ணன் என்னையக் கொன்னுபோடுவாரு” என்றேன். யூனிட்காரர் மதினியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு தானே எழுந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

“வாங்க மதினி, போவோம்.”

“அழுத்த முள்ளு கீழ வரட்டும். பொறவு எந்திரிக்கேன்.”

இன்னொரு ஸ்டூலை இழுத்து நானும் உட்கார்ந்தேன், ஒரு கை தள்ளி. மேசைமேல் கிடந்த போனில் முதலாளி இன்னும் பேசிக்கொண்டே இருந்தார்.