தேநீர்ப் போயிலரில் காய்ச்சிய பியர்

2009 மே மாத இறுதியில் என் நாட்குறிப்பு இவ்வளவுதான்: “வோபர்ன். சங்கத்துப் போயிலரைத் திருப்பி வாங்கப் போனேன். கிடைக்கவில்லை.”

நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த நகரின் ஒரு பகுதி வோபர்ன்; போயிலர் அங்கே ஒருவரிடம் இருந்தது. வன்னிப் போரை நிறுத்தக் கேட்டு நடந்த வீதிப் போராட்டங்களில் அதில் எங்களுக்குத் தேநீர் ஊற்றியவர் அவர். மெலிந்தவர், எந்தப் பாத்திரத்தையும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். போர் முடிந்தபின் அவர் வீட்டு நிலவறைக்கு, பேஸ்மென்றுக்கு, போனேன். வாற்கோதுமை வாடை மூக்கில் ஏறியது. கொதி வந்ததும் போயிலர் தானாக அணைந்துவிடாதபடி அதன் தேர்மோஸ்ராற்றைக் கழற்றியிருந்தார். பியருக்கு ஒரு மணி நேரம் விடாமல் கொதிக்க வேண்டுமாம்.

“அண்ணை, உது சனத்துக்குத் தேத்தண்ணி குடுக்கிற சாமான்.”

“எந்தச் சனத்துக்கு? றோட்டிலை கத்தி முடிச்சு எல்லாரும் வீட்டை போயிட்டினம். இனி ஆருக்கு ஊத்திறது?”

வன்னியில் இருந்த அவருடைய தம்பி உயிர்தப்பி அகதி முகாமுக்கு வந்துவிட்டாரா என்று கேட்டேன்.

“லிஸ்ற்றிலை பேர் இல்லை. இந்தப் பியர் பதமாக மூண்டு கிழமை செல்லும். அதுக்குள்ளை சேதி வந்தாலும் குடிப்பன், வராட்டியும் குடிப்பன்.”

போயிலரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பின்னர் அவர் பக்கத்து ஊரான விட்பிக்குக் குடிபெயர்ந்தார். தம்பியும் அங்கே இருப்பதாக இருவர் சொன்னார்கள். இல்லை, அவர் வரவேயில்லை என்றார் வேறொருவர். எது சரி என்பதை நான் இன்றுவரை உறுதிசெய்யவில்லை.