இரண்டு நொடி ஓடி நின்ற எஞ்சின்

என் கணவருக்குக் கண் மங்கத் தொடங்கியபோது அவருடைய பழைய அம்பாசடருக்குள் எஞ்சின் இல்லை. பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டார். புதியது, விபத்தில் சிக்கிய ஒரு வேனிலிருந்து எடுத்தது, பலகை மேல் கோணி போர்த்திக் கிடந்தது.

அல்சூரில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. வீடு கட்டும்வரை வண்டியை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். முப்பது வருஷம் ஊரார் வண்டிகளைப் பழுது பார்த்த மனிதர், தனக்கென்று ஒரே ஒரு வண்டியை ஆசையாக வாங்கி அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் மாற்ற அனுமதியும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். அந்த எஞ்சினை வண்டிக்குள் இறக்குவதற்குள் வலது கண்ணில் மை கொட்டினாற்போல ஒரு கறுப்பு வந்தது. சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். ஒரு மாதத்தில் இடது கண்ணிலும் அதே கறுப்பு. காரேஜ் வேலை போயிற்று.

எஞ்சினை அவருடைய பழைய கூட்டாளிகள் வந்து சங்கிலி கட்டி இறக்கிக் கொடுத்தார்கள். வயரிங் மட்டும் மிச்சம். பழைய வண்டியில் ஒரு கைப்பிடி ஒயர்தான் இருந்தது. புது எஞ்சினோடு வந்ததோ பெரிய பாய் போல விரிந்தது. எல்லா ஒயர்களும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியில் போய்ச் சேர்ந்தன. எது எங்கே போகிறது என்பதை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவருக்கு எல்லா நிறமும் சாம்பலாகத் தெரிந்தது.

நான் பீன்யாவில் வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். எந்த ஒயரை எந்தக் குழியில் சொருக வேண்டும் என்று கை தானாகப் போகும். அந்த ஒயர் வண்டியில் என்ன செய்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியாது. அவருக்கு அது தெரியும். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார ஆரம்பித்தோம்.

"இன்னா கலரு, சொல்லு."

"பச்சை. மேல மஞ்சக் கோடு."

"அது எஞ்சின் சுத்தறத பாத்து கம்ப்யூட்டருக்குச் சொல்ற ஒயரு. அதத் தனியா வை. ஹாரன் ஒயரோட சேத்துக் கட்டிடாத."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. ஆனால் அது சந்தோஷமான பேச்சு என்று சொல்ல மாட்டேன். நான் தப்பான நிறத்தைச் சொன்னால் கத்துவார். உடனே தன் தலையில் தானே அடித்துக்கொள்வார். கழற்றிய ஸ்க்ரூவை மண்ணில் தடவித் தேடுவார். பக்கத்திலேயே கிடக்கும். எடுத்துக் கொடுக்கலாமா, தானே கண்டுபிடிக்கட்டும் என்று விடலாமா என்று தெரியாமல் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் முகம் நிமிர்ந்தது. இரண்டே நொடி, நின்றுவிட்டது. மறுபடி திருப்பினேன், மறுபடி இரண்டு நொடி. வேனிலிருந்து எடுத்த மீட்டரை சீட் மேல் வைத்து இணைத்திருந்தோம். அதில் சாவிப் படம் போட்ட ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

சொன்னேன். அவர் பானெட் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"நம்ம கிட்ட இருக்கறது, வேன ஒடச்சு வித்த குஜிரிக்காரன் வெட்டிக் குடுத்த டூப்ளிகேட் சாவி. ஒரிஜினல் சாவித் தலைக்குள்ள சிப் இருக்கும். அது இல்லன்னா திருட்டு வண்டின்னு நெனச்சு கம்ப்யூட்டரு பெட்ரோல நிறுத்திடும்."

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். முழு வண்டியும் அதன் காகிதங்களும் வேண்டும் என்றார்கள். வெளியில் இந்த வேலை செய்யும் ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கை விரித்தார்.

அதற்குப் பிறகு அவர் காலி மனைப் பக்கம் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், இரண்டு வாய் தின்பார், எழுந்துவிடுவார். ஒரு நாள் பிரிட்ஜைத் துடைக்கும்போது அவருடைய இன்சுலின் பேனா கையில் பட்டது. பத்து நாளைக்கு முன் நான் வாங்கி வைத்தது. மருந்து ஒரு கோடுகூடக் குறையவில்லை.

"ஊசி போட்டீங்களா?"

"போட்டேன்."

"எப்ப?"

"காலைல போட்டேன்னு சொல்றேன்ல."

பேனாவை அவர் கையில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தார். எதுவென்று புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எதுக்குப் போடணும்? கண்ணும் போச்சு. அந்த வண்டியும் போச்சு. உனக்கு நான் இன்னும் எத்தினி வருசம் பாரமா இருக்கணும்?"

நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அத்திபெலேக்கு பஸ் ஏறினேன்.

குஜிரிக் கடைக்காரர் பழைய வண்டிகளை உடைத்து விற்பவர். ஒரிஜினல் சாவி எப்போதோ தொலைந்துவிட்டது என்றார். "அரே அக்கா, வண்டிக்கு ரெண்டு சாவி இருக்கும். இன்னொண்ணு வண்டிக்காரரு வூட்டுல இருக்கும், போய்ப் பாரு" என்று விற்ற சீட்டைப் பார்த்து விலாசம் சொன்னார். நான் கிளம்பும்போது கூப்பிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்: "வண்டிக்காரரு அந்த ஆக்சிடென்ட்லயே போய்ட்டாரு. பின்னாடி லாரி இடிச்சிருச்சு. பாத்துப் பேசு."

வீடு பூந்தோட்டங்களைத் தாண்டி இருந்தது. கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். "யாரு பேக்கு?" என்று, யார் வேண்டும் என்பதைக் கன்னடத்தில் கேட்டாள். நான் பேசியதும் தமிழுக்கு மாறினாள். வேன் எஞ்சினை வாங்கியவர்கள் நாங்கள் என்றேன். சாவியைக் கேட்டேன்.

அவள் முகம் இறுகியது. "இல்லக்கா. அவரு பூ ஏத்திக்கினு போன வண்டி. எல்லாத்தையும் எடுத்துக்கினு போய்ட்டாங்க. அந்தச் சாவி ஒண்ணுதான் இருக்குது. வேற எதாச்சும் கேளுங்க."

அப்படிச் சொன்னவள், வெயிலில் வந்தவளை நிற்க வைத்தே அனுப்ப மனமில்லாமல் உட்காரச் சொல்லிவிட்டு, தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். சுவரில் அவள் கணவரின் படம். படத்துக்குக் கீழே ஆணியில் சாவி தொங்கியது.

அடுத்து நான் செய்ததை என் கணவரிடம்கூட நெடுநாள் சொல்லவில்லை. நான் எழுந்தேன். வாசல் கதவு திறந்திருந்தது. பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று மனசு கணக்குப் போட்டது. சாவியை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். உள்ளங்கையில் அது குளிர்ந்து இருந்தது. கால் நகரவில்லை. அப்படியே நின்றேன். திரும்பியபோது அவள் சொம்போடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஓடியிருப்பேனோ என்னவோ. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணைப் பற்றி, பச்சை ஒயர் மஞ்சக் கோடு பற்றி, குறையாத மருந்தைப் பற்றி, எதை முன்னால் சொல்வது என்று தெரியாமல் கொட்டினேன். அவர் செத்துப்போகப் பார்க்கிறார், எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றேன்.

அவள் எதிரே உட்கார்ந்து என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சாவி முழுசும் வேணுமா?"

"உள்ள இருக்கற சிப்பு மட்டும் போதும். அரிசி மாதிரி சின்னதா இருக்குமாம்."

சமையலறையிலிருந்து கத்தி கொண்டுவந்தாள். சாவியின் பிளாஸ்டிக் தலையை நான் நெம்பும்போது அவள் கைதான் அதைப் பிடித்திருந்தது. சிறு கறுப்புத் துண்டு தரையில் விழுந்தது. எடுத்துப் புடவை முனையில் முடிந்துகொண்டேன். அவள் இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்தி, மறுபடி ஆணியில் மாட்டினாள்.

"ஓடுச்சுன்னா எனக்கு போன் பண்ணுங்க. சத்தத்தக் கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். வரமாட்டேன் என்றார். சிப்பைப் படிப்பதற்காகச் சாவித் துவாரத்தைச் சுற்றியிருந்த வளையத்தில் அந்தச் சிப்பை டேப் வைத்து ஒட்டினேன். திருப்பினேன். இரண்டு நொடி. மூன்று. பத்து. சிவப்பு விளக்கு அணைந்தது.

அவளுக்கு போன் போட்டு எஞ்சின் பக்கத்தில் பிடித்தேன். மறுமுனையில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "இதுதான்" என்றாள். போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அவர் குனிந்து எஞ்சின் மேல் காதை வைக்காத குறையாக நின்றார். அழுவார் என்று நினைத்தேன். "ஐட்லிங் சத்தம் ஏறி எறங்குது. எங்கியோ காத்து இழுக்குது பாரு" என்றார் கோபமாக. நான் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லச் சொல்ல, பகல் சாப்பாட்டு நேரம் வரை அங்கேயே இருந்தார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஊசியை இப்போது நான்தான் போடுகிறேன். சில நாள் சட்டையைத் தூக்கிக் காட்டுவார், சில நாள் கெஞ்ச வேண்டும். நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வண்டி பரிசோதனை முடிந்து, புது எஞ்சின் நம்பர் காகிதத்தில் ஏறிய பிறகு முதலில் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தை வைத்தே, "கியரு மாத்து" என்றார். சிக்னலில் இரண்டு தடவை அணைத்துவிட்டேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வலது கண்ணுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர். இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்.

"எப்ப வரணும்?" என்று கேட்டது அவர்தான். நான் தேதியை எழுதி வாங்கிக்கொண்டேன்.