மனு எழுதுகிறவர் கதை எழுத வந்தார்

நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஞாயிறு மாலை ஏழெட்டுப் பேர் கூடுவோம். பிஸ்கட் டப்பாவில் துண்டுச் சீட்டுகள் கிடக்கும். மூன்றை எடுத்து, அவற்றிலுள்ள சொற்களை வைத்து அரை மணி நேரத்தில் கதை எழுத வேண்டும். 1979இல் நான் கிளப்பிவிட்ட கூத்து இது.

அதில் வந்து சேர்ந்தார் சவரியப்பன். தாலுகா ஆபீஸ் வாசலில் இருபத்திரண்டு வருடமாக மனு எழுதுகிறவர். முதல் வாரம் அவருக்குக் குடை, கழுதை, ஊறுகாய் வந்தன. எழுந்து வாசித்தார்: "பொருள்: கழுதை தின்ற ஊறுகாய்க்கு நிவாரணம் கோருதல்." வயிறு வலிக்கச் சிரித்தோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை. அடுத்த வாரமும் மனு. அதற்கடுத்த வாரமும் மனுதான். விளையாட்டைக் கெடுக்கிறாரே என்று எனக்கு எரிச்சல் ஏறியது.

"இன்னொரு மனு எழுதுனா இங்க வராதீங்கண்ணே," என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க சார். எனக்குன்னு ஒண்ணு எழுதிப் பாக்கணும்னுதான் வாரேன்."

"அப்ப 'நான்'னு ஆரம்பிங்க."

நான்காம் வாரம் சந்தை, பூசணிக்காய், மழை. 'நான்' என்று எழுதிவிட்டு அரை மணி நேரமும் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"எந்த நானு சார்?" என்றார். "முந்தாநேத்துக் காலையில எழுதுன நான், புருசன் செத்த பொம்பள. மத்தியானம் எழுதுன நான், வீடு இடிஞ்சவன். ஆள் வந்து சொல்லுவாங்க, எழுதுவேன். இப்பச் சொல்றதுக்கு ஆளக் காணோமே."

எனக்கும் தலை சுற்றியது. அவரை விரட்டப் பார்த்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. தாளை வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"நீங்க சொல்லுங்கண்ணே. நான் எழுதுறேன்."

தயங்கித் தயங்கிச் சொன்னார். ஐந்து வயதில், பரவை சந்தையில், மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் அப்பாவைத் தவறவிட்டாராம். பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் நின்று அழுதாராம். யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோரும் கேட்க, தன் பெயர்கூட வாயில் வரவில்லையாம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

வாசித்துப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கீழே இடது ஓரம் 'எழுதியவர்' என்று போட்டுவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"எழுதுனது நாந்தானண்ணே," என்றேன். "நீங்க அந்தப் பக்கம், மனுதாரர் இடத்துல போடணும்."

வலது ஓரத்தில் விரலை வைத்தார். மனு கொடுக்க வருகிறவர்கள் கேட்பதைப் போலவே என்னிடம் கேட்டார்:

"இங்கயா சார்? எம் பேரையா போடணும்?"