தைத்த வயிறும் தட்ட முடியாத தேத்தண்ணீரும்

என் கணவர் சோலையப்பனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான், ஆப்பரேஷன் செய்த வயிற்றை வைத்துக்கொண்டு அவர் மறுபடியும் ஊதத் தொடங்கியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வெளியில எங்கயாவது திருட்டுத்தனமா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், "சத்தியமா இல்ல சீதா" என்கிறார். முகமும் பளிச்சென்று இருக்கிறது. அந்த முகத்தை நம்புவதா, இடுப்பில் ஏற மறுக்கும் கால்சட்டையை நம்புவதா?

சிரம்பான் லோபாக்கில் எங்களுக்கு ஜவுளிக் கடை. கடையைக் கொழுந்தனார் பார்த்துக்கொள்வார். இவருக்கு வேன். சேலை, வேட்டி, பிள்ளைகளின் பள்ளிச் சட்டை எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு லுக்குட், புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போய்விடுவார். கடையில் ஒரு நாள் உட்காரச் சொன்னால் பல்வலி வந்தவர் போல் இருப்பார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குள், வேன் நுழைந்ததும் ஆளே மாறிவிடுவார். யார் வீட்டில் பெண் சமைந்தது, யார் மகன் செனாவாங் பேக்டரியில் சேர்ந்தான், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அப்போது அவர் உடம்பு எப்படி என்றால், வேன் டிரைவர் பக்கம் சாய்ந்துதான் ஓடும். கிளினிக்கில் இருந்த தராசின் முள் கடைசி எண்ணைத் தாண்டி ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கடைசியில் தோட்டத்து ஸ்டோரில், ஒட்டுப்பால் நிறுக்கிற தராசில் ஏறி நின்றார். கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கம் கடமை தவறாதவர்; எடையை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். நூற்று நாற்பத்திரண்டு கிலோ. இவரும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். எனக்குக் கேட்டது. நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எண்பத்தெட்டில் சிங்கப்பூரில் ஆப்பரேஷன் ஆனது. காகிதத்துக்கு ஸ்டேப்ளர் ஊசி அடிப்பது போல வயிற்றுக்கு ஊசி அடித்து, மேலே கையளவு இடத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். மூன்று கரண்டி சோற்றில் வயிறு போதும் என்றுவிடும். அப்படியே நடந்தது. ஒன்றரை வருடத்தில் என் வீட்டில் வேறொரு ஆம்பிளை நடமாடினார். சர்க்கரை இறங்கியது. முழங்கால் வலி போயிற்று. கல்யாணச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தார், எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. தோட்டத்தில் இவரைச் செட்டியார் என்பார்கள்; அங்கே யாருக்கும் ஆப்பரேஷன் விஷயம் தெரியாது. செட்டியார் ஊருக்குப் போய்க் கோயிலில் விரதம் இருந்து இளைத்துவிட்டார் என்று யாரோ கிளப்பிவிட, அதை இவரும் மறுக்காமல் விட்டுவிட்டார்.

அந்த உடம்புதான் தொண்ணூற்றொன்றில் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வீட்டில் அதே மூன்று கரண்டி. நான் போய் மீரா சாஹிப் சாப்பாட்டுக் கடையில் விசாரித்தேன். "செட்டியார் எங்க கடையில ஒக்காந்தே வருசமாச்சுலா ஆச்சி" என்றார் அவர். ஊசி பிரிந்துவிட்டதோ என்று படம் எடுத்தோம். எல்லாம் அடித்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது ஆப்பரேஷனுக்கு வழியில்லை என்று கிளினிக் டாக்டரம்மா சொன்னார். கண்ணைப் பரிசோதித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "சர்க்கரை கண்ணுல வேலைய ஆரம்பிச்சிருச்சு. இப்படியே எடை ஏறினா இன்னும் கொஞ்ச நாள்ல நீங்க வேன் ஓட்ட முடியாது." இவர் முகம் செத்துப்போயிற்று. வேன் இல்லாத சோலையப்பனை என்னாலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

குட்டு வெளிப்பட்டது தற்செயலாக. வேனில் கூடப் போய்த் துணி எடுத்துக் காட்டுகிற ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டதால், அந்த மாதச் சம்பள நாளில் நான் போனேன். முதல் வீட்டில் இறங்கினோம். "வாங்க செட்டியாரே, தண்ணி கலக்கவா?" என்றார்கள். நம் மலேசியாவில் தண்ணி கலக்குவது என்றால் வெறும் தண்ணீரா கொடுப்பார்கள்? தேத்தண்ணீர் வந்தது, அடியில் சீனிப்பாகு மாதிரி டின் பால் இரண்டு விரல் உயரத்துக்கு. குடித்தார். அடுத்த வீட்டில் மைலோ. அதற்கடுத்த வீட்டில் பால் ஊற்றிய ரோஸ் சிராப். அப்புறம் காப்பி. நீலாவதி என்கிற பெண் வீட்டில் ஹார்லிக்ஸ், அது கரண்டி நிற்கிற பதத்தில் இருந்தது. ஒரு வீட்டையும் விடவில்லை மனிதர். ஒவ்வொரு இடத்திலும் டம்ளரை ஒட்டக் காலி செய்து, "அருமை" என்று வேறு சொன்னார்.

வேன் ரோட்டில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "உங்க வயித்துக்கு ஊசி அடிச்சது எதுக்கு? டின் பால் ரொப்பவா?"

"சாப்பிடவே இல்லையே சீதா. தண்ணிதானே குடிச்சேன்" என்றார். அந்த முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. குடிப்பதை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சரியாகச் சொன்னால் நாங்கள் யாருமே சேர்ப்பதில்லை.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சோறு அந்தச் சின்ன எடத்துல தங்கி மெதுவா எறங்கும். டின் பால் தங்குமா? சல்லுனு ஓடிரும். வயிறும் ரொம்பாது, ஒடம்பும் ஏறும்." முட்டை, மீன், பருப்பு என்று கெட்டியாக மென்று தின்ன வேண்டும், சாப்பாட்டுக்கு நடுவில் எதுவும் குடிக்கக் கூடாது, மற்ற நேரத்தில் பச்சைத் தண்ணீர் மட்டும், நாள் தவறாமல் நடை. இவ்வளவுதான் வைத்தியம். கேட்டபோது எனக்கு மனசு லேசாகிவிட்டது. இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

சுலபம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "என்னால முடியாது சீதா" என்றார்.

"ஏன் முடியாது? வேணாம்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வலிக்குமா?"

"அந்த வார்த்தயத்தான் எங்க அப்பச்சி ஆயுசு முழுக்கச் சொன்னாக."

அப்பச்சி என்றால் அவருடைய அப்பா, என் மாமனார் விசுவநாதன் செட்டியார்; அந்தக் காலத்தில் அவர் தோட்டத்துக்குச் சைக்கிளில் போவாராம். லயத்து மக்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் காப்பி கொண்டுபோய், மரத்தடியில் நின்றபடியே குடித்துவிட்டு வருவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும். அறுபத்தொன்பதில் அவர் படுத்துவிட, இருபத்திரண்டு வயதில் இவர் முதல் தடவை தனியாகப் போனார். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த மாரியம்மா என்கிற, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண், வாங்குவாரோ மாட்டாரோ என்ற தயக்கத்தோடு ஒரு டம்ளர் தேத்தண்ணீரை நீட்டினாளாம். பக்கத்து வீட்டு வாசல்களிலெல்லாம் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இவர் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். "அன்னைக்கிலேருந்து ஒரு வீட்டுலயும் நான் வேணாம்னு சொன்னதில்ல. இப்ப சொன்னா என்னா நினைப்பாங்க? அப்பன் புத்தி வந்துருச்சுன்னு நினைப்பாங்க."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்மேல் இல்லை. எப்போதோ செத்துப்போன மாமனார் மேல்.

சரி என்று ஒரு தந்திரம் செய்தார். விரதம். ஏற்கெனவே ஊரில் விரதம் இருந்தவர் என்ற பெயர் இருக்கிறதே! காவலுக்கு நானும் வேனில் ஏறிக்கொண்டேன். "இன்னைக்கு சனிக்கிழம விரதம்" என்பார். அடுத்த முறை கார்த்திகை. அதற்கடுத்த முறை ஏகாதசி. கொஞ்ச நாளில் சாமிகள் தீர்ந்துபோயின, ஒருமுறை செவ்வாய்க்கிழமையில் பெருமாளுக்கு விரதம் என்று சொல்லி வைத்தார். இதில் பெரிய கூத்து, எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி சொல்லவும் தைரியம் வராது. நீலாவதி புதுசாகக் குடி வந்தவள், மனசு நோகும் என்று அவள் வீட்டில் மட்டும், நான் துணி மடிக்கிற நேரம் பார்த்து ஹார்லிக்ஸைக் குடித்துவிட்டார். மாரியம்மா பழகியவள், கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அவளிடம் விரதம் என்று சொன்னார்.

லயத்துச் சுவர் பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

அடுத்த மாதம் வேன் போய் நின்றபோது ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. இவர் ஹாரன் அடித்தார். கதவுகள் திறந்துதான் இருந்தன, ஆட்கள் உள்ளே நடமாடுவது தெரிந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தீபாவளி நெருங்கும் நேரம் வேறு. இவர் வியர்த்துப்போய், வேனை விட்டு இறங்கி மாரியம்மா வீட்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

மாரியம்மா வாசலில் உட்கார்ந்து பால் வாளி தூக்குகிற காண்டாக் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"என்னா மாரியம்மா, யாரையும் காணோம்?"

"எல்லாம் விரதம் செட்டியாரே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீலாவதி வூட்டுல குடிக்கிறப்ப எறங்குற தண்ணி, என் வூட்டுல எறங்காதா? உங்கப்பா பிளாஸ்க் கொண்டாந்தாரு. நீங்க விரதம் கொண்டாறீங்க. அவராச்சும் மொகத்துக்கு நேரா வேணாம்னாரு."

உள்ளேயிருந்து அவள் புருஷன் மாயாண்டி, "போதும் விடுலா" என்றார். அவள் விடுவதாக இல்லை. கண் கலங்கியிருந்தது அவளுக்கு. இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நட்டநடு லயத்தில், அத்தனை பேர் பார்க்க, சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நெஞ்சுக் குழியிலிருந்து தொப்புள் வரை இறங்குகிற தழும்பைக் காட்டினார்.

"நான் விரதம் இருந்து இளைக்கல மாரியம்மா. வயித்த அறுத்துத் தச்சிருக்கு. வெக்கப்பட்டுச் சொல்லல. இப்ப மறுபடி ஏறிருச்சு, கண்ணு போயிரும்ங்கிறாங்க. நீங்கல்லாம் குடுக்குற தண்ணிதான் காரணமாம். அத எந்த வாயால சொல்றது?"

கதவுகளில் தலைகள் முளைத்தன. மாரியம்மா கம்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்து கிட்டே வந்து தழும்பைப் பார்த்தாள். "அட பாவி மனுசா! இதச் சொல்றதுக்கு இத்தன சாமியையா இழுத்தீங்க?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்ப என் வூட்டுல ஒன்னுமே குடிக்க மாட்டீங்களா?"

"உன் வூட்டுக் கொடத்துல பச்சத்தண்ணி இருக்கும்ல?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். தேத்தண்ணீர் என்றால் கொதித்தது, சீனி போட்டது. பழைய ஆட்கள் சிலர் அதையாவது போனால் போகிறது என்று குடிப்பார்கள். குடத்துத் தண்ணீரை மட்டும் தொட மாட்டார்கள். உள்ளே போய் மொண்டு கொண்டுவந்தாள். இவர் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, டம்ளரில் வாய் வைத்து நிதானமாகக் குடித்து முடித்தார். அன்றைக்கு வேனில் ஒரு சேலைகூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு லயத்துப் பெண்கள் அவர் வயிற்றைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். கெட்டியான சாப்பாடு நல்லது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட, வீட்டுக்கு வீடு அவித்த முட்டையோடு நின்றார்கள். ஆறாவது வீட்டில் நான் கத்தியே விட்டேன். மாரியம்மா பஞ்சாயத்துப் பண்ணினாள்: ஒரு தடவைக்கு ஒரு வீட்டில் மட்டும் முட்டை, மற்ற வீட்டிலெல்லாம் பச்சைத் தண்ணீர். வேனை லயத்து முனையிலேயே நிறுத்திவிட்டு, மூட்டையைச் சுமந்துகொண்டு இவர் நடந்தே எல்லா வீட்டுக்கும் போனார். வீட்டில் நான் அவருக்கு மீனும் பருப்பும் முதலில் வைத்து, சோற்றைக் கடைசியில் காட்டினேன். எடை ஒரேயடியாக இறங்கவில்லை. இறங்கும், நிற்கும், பொங்கல் தீபாவளிக்குக் கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். கல்யாணச் சட்டை மறுபடி ஏறவில்லை, ஏற வேண்டிய அவசியமும் எனக்கில்லை. அடுத்த வருடம் கண்ணைப் பார்த்த டாக்டரம்மா, "அப்படியே நிக்குது. ஓட்டுங்க வேன" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் இவர் பாடிக்கொண்டே ஓட்டினார். குரல் சகிக்காது; இருந்தாலும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

தொண்ணூற்று மூன்றில் மாரியம்மா மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். ஈப்போ பக்கத்துப் பெண். நாங்கள் போயிருந்தபோது அந்தப் பெண் அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, புதுசாக வாங்கிய கண்ணாடி டம்ளர்களை எடுத்துப் பரபரவென்று டின் பாலை ஊற்றினாள். மாரியம்மா வாசலிலிருந்தே சத்தம் போட்டாள்.

"ஏய், அவருக்கு அது வேணாம். பச்சத்தண்ணி மொண்டு குடு."

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வூட்டுக்கு வந்தவங்களுக்குப் போயி வெறும் தண்ணியா அத்தே?"

"வந்தவங்களுக்குத்தாண்டி கலக்கிக் குடுக்கணும். இவரு நம்ம வூட்டு ஆளு. நம்ம வூட்டு ஆளுக்கு யாரு கலக்குறா?"

அந்தப் பெண் கொண்டுவந்த தண்ணீரை இவர் வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, துணி மூட்டையை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

எனக்குத் தேத்தண்ணீர் வந்தது, கண்ணாடி டம்ளரில், தட்டு வைத்து. "எனக்கும் பச்சத்தண்ணியே குடும்மா" என்றேன்.

"நீங்க இப்பத்தானே ஆச்சி வர ஆரம்பிச்சிருக்கீங்க" என்றாள் மாரியம்மா. "குடிங்க, குடிங்க." அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.