மூக்குப் பிடித்தவர்

நம்பாவிட்டால் போங்கள், எனக்கு நஷ்டமில்லை. ஆனால் ஹேங் கிளைடிங், அதாவது துணி இறக்கையில் தொங்கிக்கொண்டு பறக்க, கற்றுக்கொள்ளக் கிளம்பியிருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள். யாரோ சொல்லிக் கேட்டதல்ல. எனக்கே நடந்தது. போன வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் 5.20-லிருந்து 5.51 வரை.

நான் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்களை மேலே அனுப்பிவிட்டுக் குழிக்குள் நிற்கிற பிழைப்பு. வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும்தான். இருவரில் அதுதான் அதிகம் பேசும். நாற்பத்தாறு வயதில் பறக்கப்போகிறேன் என்றதும் அக்கா போனில் கத்தினாள்.

"விழுந்து தொலைச்சா யாருடா உன்னைத் தூக்குவா?"

"நீதான்."

"எனக்கே இடுப்பு வலி. வேற ஆளைப் பாரு."

எங்கள் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் பறப்பதல்ல, படுப்பது. உடம்பில் கட்டிய பெல்ட்டை இறக்கையின் நடுவில் தொங்கும் பட்டையில் கொக்கியால் மாட்ட வேண்டும். ஓடுவதற்கு முன் ஒருவர் எதிரே நின்று இறக்கையின் முன்நுனியில் இருக்கும் மூக்குக் கம்பிகளைப் பிடித்துக்கொள்வார். நாம் படுத்துப் பார்க்க வேண்டும். தொங்கினால் கொக்கி மாட்டியிருக்கிறது. தரையில் விழுந்தால் மாட்டவில்லை. இந்தச் சோதனையை மேலே போன பிறகு செய்வது அவ்வளவு நல்லதல்ல. எல்லாம் சரியென்றால் மூக்கில் ஒரு தட்டு. அப்புறம்தான் ஓட்டம். ஊரெல்லாம் மூக்குப் பிடிக்கச் சாப்பிடும். நாங்கள் மூக்குப் பிடித்தால்தான் பறப்போம்.

குன்றின் உச்சியில் உள்ள ஷெட்டில் ஒரு நோட்டு உண்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு கையெழுத்து: பறந்தவர், மூக்குப் பிடித்தவர். தனியாகப் பறக்கவே கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் பிறந்தநாள். வந்த வாழ்த்து ஒன்றே ஒன்று. பல் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அனுப்பியது. அக்கா மறந்துவிட்டாள். ஷெட் பூட்டை ரிப்பேர் செய்தது நான் என்பதால் ஒரு சாவி என்னிடம் இருந்தது. 5.20-க்குக் குன்றின் மேல் நின்றேன். நோட்டில் வழக்கம்போலக் கடைசி எழுத்துக்கு நீளமாக வால் போட்டுக் கையெழுத்திட்டேன். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். எழுத யாருமில்லை.

இறக்கையை விரித்துப் பொருத்தி முடித்து, பெல்ட்டைக் கட்டி, கொக்கியை மாட்டும்போது மணி 5.39. அப்போதுதான் ஹெல்மெட்டை ஷெட்டிலேயே விட்டுவிட்டது உறைத்தது. கொக்கியைக் கழற்றிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது 5.43.

ஏதோ சரியில்லை.

ஆள் பிடிக்காத இறக்கை காற்றில், கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி திமிறும். புல் சாய்ந்து சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இறக்கை மட்டும் அசையவில்லை. துணியில் ஒரு சிலிர்ப்புகூட இல்லை.

'பரவாயில்லையே, இன்றைக்கு நமக்கு ராசி' என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

தோளில் தூக்கினேன். கனமே இல்லை. கீழே வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

5.46. ஓடக் காலெடுத்தேன்.

முடியவில்லை.

இறக்கையின் மூக்கு கீழே அழுந்தியது. காற்று இப்படி அழுத்தாது. இது... கை.

ட்டிங்... கம்பி அதிர்ந்தது.

"படு."

குரல் எனக்கு மூன்றடி முன்னாலிருந்து வந்தது. யாருமில்லை.

"யா... யாரு?"

"படுன்னு சொல்றேன்ல."

படுத்தேன்.

தொங்கவில்லை.

முகம் மண்ணில் மோதியது. கொக்கி என் இடுப்பிலேயே கிடந்தது. ஆறு அடி தள்ளிப் பள்ளம்...

"மாட்டு."

மாட்டினேன். படுத்தேன். தொங்கினேன்.

டொக்... டொக்.

5.51.

இறக்கை திமிறத் தொடங்கியது.

நான் பறக்கவில்லை. எல்லாவற்றையும் எப்படியோ கழற்றி ஷெட்டில் போட்டுவிட்டு, நேராக மாஸ்டர் வீட்டுக்குப் போய்த் தனியாகப் போனது முதல் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எத்தனை தட்டு?"

"ரெண்டு, மாஸ்டர்."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒரு தட்டுதான் சொல்லிக்கொடுக்கிறேன். ரெண்டு தட்டுறது எங்க அண்ணன் ஒருத்தர்தான்யா. பன்னெண்டு வருஷம் எல்லாருக்கும் மூக்குப் பிடிச்சவரு. நாலு வருஷம் முன்னாடி ஒரு சாயங்காலம் தனியாப் போனாரு. கொக்கி மாட்டல. அவருக்குப் பிடிக்க அன்னைக்கு ஒரு ஆள் இல்ல. நோட்டுல அந்தக் கட்டம் காலியாவே கிடக்கு. அந்தப் பக்கத்தைப் போலீஸ்காரங்க எடுத்த போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு."

மறுநாள் காலை இருவரும் ஏறினோம். அந்தக் காலிக் கட்டத்தை எனக்குக் காட்டுவதற்காக நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். பழுப்பேறிய பக்கம். அண்ணன் கையெழுத்து. பக்கத்தில்...

மாஸ்டர் போனைப் பார்த்தார். போட்டோவில் கட்டம் காலி. நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கட்டம் காலியாக இல்லை. அண்ணனுடைய மை எவ்வளவு வெளுத்திருந்ததோ, அதே அளவு வெளுத்த மையில், மூக்குப் பிடித்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. கடைசி எழுத்துக்கு நீளமாக வால்.

அண்ணன் விழுந்த வருடம் அந்தக் குன்று எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.