மல்லித் தொட்டிக்குப் போன மரவட்டைகள்

எங்கள் வீட்டில் நாய் இல்லை, பூனை இல்லை. மரவட்டை இருக்கிறது. இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் குஷியாகக்கூட இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்தால் அரியலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு ரயில்பூச்சி என்கிற சின்ன மரவட்டை ஊரும். உப்பைத் தூவுவார்கள், ப்ளீச்சிங் பவுடர் போடுவார்கள். போன மழையில் எங்கள் கொல்லையில் வேப்பஞ்சருகுக்கு அடியில் நான் பார்த்த இரண்டும் அந்தச் சில்லறைப் பூச்சிகள் இல்லை. ஒரு சாணுக்குக் கொஞ்சம்தான் குறைவு, விரல் தடிமன், எண்ணெய் தேய்த்த கறுப்பு. ஒன்று என் கையில் ஏறியபோது அத்தனை கால்களும் அலை அலையாக நகர்ந்தன. அவ்வளவுதான், மனசு அதிலேயே விழுந்துவிட்டது.

மீன் செத்துக் காலியாகக் கிடந்த கண்ணாடிப் பெட்டியில் மண்ணும் மக்கிய இலையும் உளுத்த கட்டையும் போட்டு இரண்டையும் விட்டேன். அதுகளுக்கு ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமாம். சிமெண்டு லாரி ஓடுகிற ஊரில் சுண்ணாம்புக்கல்லுக்கா பஞ்சம்? ஒரு துண்டைப் பொடித்துப் போட்டேன். “டிவியைவிட இதத்தான் அதிகமா பாக்குற,” என்றார் கணவர். மாமியார் பெட்டி இருந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார்.

மார்கழியில் இரண்டும் மண்ணுக்குள் போயின. நாள் கணக்காக வெளியே வரவில்லை. செத்திருக்கும் என்றார் கணவர். நான் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். தோலுரிக்கும் காலத்தில் மண்ணுக்கடியில் சின்னக் குழி செய்து சுருண்டு கிடக்கும். அப்போது உடம்பு வெண்ணெய் மாதிரி. யாராவது கிளறினால் கதை முடிந்தது.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுச் சாமானையெல்லாம் வாசலில் இறக்கிக் கழுவுவது எங்கள் வழக்கம். பெரம்பலூர் துணிக்கடையில் பில் போடுகிற எனக்கு அந்த வாரம் யார் லீவு கொடுப்பார்கள்? வேலை முடிந்து பஸ் இறங்கி வந்தால், கண்ணாடிப் பெட்டி வாசலில் கவிழ்ந்து பளபளவென்று காய்ந்துகொண்டிருக்கிறது.

“பூச்சியக் காணோம், வெறும் மண்ணுதாம்மா இருந்துச்சு. நல்ல எருவாட்டம் இருக்கேன்னு மல்லித் தொட்டியில போட்டுட்டேன்,” என்றார் மாமியார்.

“கொன்னுட்டீங்களே அத்தை,” என்று கத்தினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அழுகையும் ஆத்திரமுமாக, எப்படிக் கொட்டினீர்கள் என்று கேட்டேன்.

“உதிரல. அச்சு வெல்லமாட்டம் கட்டியா வந்துச்சு. அப்படியே இறக்கி வெச்சேன். வேணும்னா நோண்டிப் பாத்துடலாமா?”

“கை வெக்காதீங்க.”

நோண்டிப் பார்க்க எனக்கும் கை பரபரத்தது. பிழைத்திருந்தாலும் நோண்டினால் போய்விடும். தொட்டியை நிழலுக்கு நகர்த்தித் தண்ணீர் மட்டும் தெளித்து வந்தேன். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் விஷயம் தெரிந்து, பூச்சிக்குக் காரியம் எப்போது என்று கிண்டலடித்தார்கள். நான் முறைத்ததோடு சரி. உள்ளுக்குள் எனக்கே நம்பிக்கை தேய்ந்துகொண்டிருந்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. நான் வேலைக்குப் போன நேரத்தில் அவரும் தண்ணீர் தெளித்திருக்கிறார் என்பது ஈர மண்ணைப் பார்த்துத்தான் தெரிந்தது.

தை முடியப் போகிற சமயம், கடையில் கூட்டத்துக்கு நடுவே மாமியாரிடமிருந்து போன் வந்தது.

“இந்தாம்மா, ஒண்ணு வெளிய வந்துருச்சு. தொட்டி விளிம்புல ஊருது. பக்கத்து வூட்டுக்காரி செருப்பக் கழட்டிட்டா. நான் குறுக்க நிக்கிறேன். நீ சீக்கிரம் வா.”

கல்லாவில் இருந்த முதலாளியிடம் அவசரம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். நோண்டாமல் விட்டது சரியாகிப்போன கர்வம், கொஞ்ச நஞ்சமில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் இன்னும் தொட்டிக்கு முன்னால்தான் நின்றிருந்தார். இரண்டாவதும் மேலே வந்திருந்தது. புது ஓடு, முன்பைவிடத் தடிமன். நான் ஒன்றை எடுத்தேன். அவர் புடவையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார்.

“எங்கிட்ட குடு,” என்றார்.