அறுபத்தோராவது ஐஸ் பார்

அந்த மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஃபேக்டரி ஒன்றே ஒன்றுதான். கணவர் போனபிறகு அதை நடத்திய அம்மாளுக்குப் ‘போதும்மா’ என்று பட்டப்பெயர். தினமும் அறுபதாவது ஐஸ் பார் இறங்கியதும் “போதும்” என்று நிறுத்திவிடுவார். மெஷினுக்கோ நூறு பார் வரை தெம்பு உண்டு.

பேராசைக்காரி என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவர் எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்தவர். ஒரு பாருக்குச் செலவு நாற்பது ரூபாய். நூறு விலையில் அறுபது போகும். மிச்சம் மூவாயிரத்து அறுநூறு. தொண்ணூறுக்கு இறக்கினால் எழுபது போகும், ஆனால் முதல் அறுபதிலும் பத்துப்பத்தாகக் கைவிட்டுப் போகும். மிச்சம் மூவாயிரத்து ஐந்நூறு. நூற்றுப்பத்துக்கு ஏற்றினால் ஐம்பதுதான் போகும், அப்போதும் அதே மூவாயிரத்து ஐந்நூறு. கணக்கில் அவரை அசைக்க ஆளில்லை. பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. வாங்க வருகிறவர்கள் காசை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் வருகிறவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

சிரித்துப் பேசியவன் தம்பி மட்டும்தான். சின்னப் படகுக்காரன். மதியச் சாப்பாடு அக்காவோடுதான்.

“அக்கா, விலையைக் கொஞ்சம் இறக்கினாக்கூட எனக்குக் கட்டும்” என்றான் ஒருநாள்.

“உனக்கு இறக்கினா எல்லாருக்கும் இறக்கணும்டா.”

“எனக்கு மட்டும் கொடேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“சுவருக்கும் காது இருக்கு.”

“அப்போ நானும் அந்த அறுபதுல ஒருத்தன், அவ்வளவுதானா?”

“அறுபதுக்குள்ள நீ எங்கடா வர்றே? நீ அறுபத்தோராவது.”

தான் ஓட்டாமல் நிறுத்தும் அடுத்த பாரை நினைத்துத்தான் சொன்னார்; தான் கணக்கிலேயே இல்லை என்று அவன் காதில் விழுந்தது. அவன் பாதிச் சோற்றில் கை கழுவினான்.

பத்து நாள் எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட்டனுப்ப அவருக்கு ரோஷம். ஆனாலும் மதியமானால் வாசலையே பார்த்திருந்தார். பதினோராம் நாள் அறுபதாவது பார் இறங்கியதும், “இன்னும் ஒண்ணு ஓட்டு” என்றார். மெஷின்காரர் காது சரியாகக் கேட்டதா என்று திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பாரை வாசலில் வைத்தார். விலை கிடையாது, வந்தால் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அவனுக்குச் சொல்லியனுப்பவில்லை. இரண்டு தட்டு போட்டுக் காத்திருந்தார். உச்சிவெயிலில் பார் உருகி, தண்ணீர் ரோடுவரை ஓடியது.

அதை மிதித்துக்கொண்டு வந்தவர் பெரிய படகுக்காரர்.

“உங்க தம்பி படகைப் போன வாரம் நான்தான் வாங்கினேன். ஊரைவிட்டே போயிட்டார், தெரியாதா? நாளையிலிருந்து எனக்குக் கூடுதலா ஒரு பார் வேணும். விலை அதே நூறுதானே?”

சரியென்று அம்மாள் தலையை ஆட்டினார். நாள் மிச்சம் அறுபது ரூபாய் கூடியது.

தனியே சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. “போதும்” என்றார். இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்ல எதிரே ஆளில்லை.